அது முட்டைம்மா!

ஒரு ராட்சசனை டி.வி.யில் காட்டி ஜனங்களை பயமுறுத்த எவ்வளவு செலவாகும்? இன்றைக்கு என்றால் கம்ப்யூட்டர், கிராபிக்ஸ், ஒரு கல்யாண மண்டபம் கொள்கிற அளவுக்கு ஆட்கள். 1967-ல் ஒரு ரப்பர் போர்வை போதுமாக இருந்தது. அதற்கடியில் ஒரு மனுஷர் குப்புறக் கவிழ்ந்து தவழ்ந்தார். அவ்வளவுதான், ராட்சசன் ரெடி!

தவழ்ந்தவர் பெயர் ஜானோஸ் ப்ரோஹாஸ்கா. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்கா போன ஸ்டண்ட்காரர். கரடி, குரங்கு, வேற்றுக்கிரக ஜந்து என்று முகமே தெரியாத வேஷங்களாகக் கட்டிப் பிழைத்தவர். தானே தைத்த இந்த உடுப்பை மாட்டிக்கொண்டு, தயாரிப்பாளர் ஜீன் கூன் எதிரில் தவழ்ந்து காட்டினாராம். கொஞ்ச தூரம் போய் பின்பக்கமாக ஒரு உருண்டையை நழுவவிட்டாராம். கூன் அசந்துபோய், சில நாட்களிலேயே கதையை எழுதி முடித்துவிட்டார். கதைக்கு ராட்சசன் தேடுவதுதான் உலக வழக்கம். இங்கே ராட்சசனுக்குக் கதை தேடினார்கள்.

தொடரின் பெயர் ‘ஸ்டார் ட்ரெக்’. அமெரிக்காவின் என்.பி.சி. டி.வி.யில் 1966-லிருந்து 1969 வரை ஓடியது. மொத்தம் 79 எபிசோடுகள். நான் சொல்வது முதல் வருஷத்தில் வந்த 25-வது எபிசோடு, ‘தி டெவில் இன் தி டார்க்’. ஒளிபரப்பான தேதி 1967 மார்ச் 9.

நான் அப்போது பிறக்கவில்லை. எண்பதுகளில் இதை தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டபோதும் என்னால் ரசிக்க முடிகிற நிலைமை இல்லை. (தொட்டிலில் இருந்துகொண்டு ஸ்டார் ட்ரெக் பார்த்ததாகச் சொன்னால் நம்புவீர்களா?) கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலையாயிருந்த பெரியப்பா, புண்ணியவான், நாலைந்து எபிசோடுகளை கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். லீவுக்கு டவுன்ஷிப் போனால் அதுதான் எங்களுக்கு சினிமா. விண்வெளிக்கும் பூமிக்கும் நடுவில் திடீர் திடீரென்று நிர்மா விளம்பரம் வரும். எங்கள் செட்டில் எல்லோருக்கும் ஒரு கிறுக்கு உண்டு. சிலருக்கு ‘ஸ்பேஸ் சிட்டி சிக்மா’. அக்காவுக்கு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியை நிஜ நாய்க்கு மேலாகக் கொண்டாடுவாள். எனக்கு இந்த ரப்பர் போர்வை.

கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் எங்கள் வீட்டில் நடந்த விவாதம் புரியும்.

ஜேனஸ்-6 என்று ஒரு கிரகம். மேலே மனுஷன் வாழ முடியாது, பூமிக்கடியில் சுரங்கம். பல உலகங்களின் அணு உலைகளுக்கு அங்கிருந்துதான் தாதுப்பொருள் போகிறது. நல்ல லாபம். திடீரென்று தொழிலாளர்கள் ஒவ்வொருத்தராகச் செத்துவிழுகிறார்கள். அமிலம் பட்ட மாதிரி ஒரே நொடியில் கருகிப்போகிறார்கள். ஐம்பதுக்கும் மேல் போய்விட்டார்கள். ‘ராட்சசன் உலாத்துகிறது, வந்து கொல்லுங்கள்’ என்று சேதி போகிறது. கேப்டன் கிர்க், கூர்மையான காதுள்ள ஸ்பாக், டாக்டர் மக்காய் மூவரும் வந்து இறங்குகிறார்கள்.

வந்து பார்த்தால், அந்த ஜந்து பாறைக்குள் ஈர மணலில் நண்டு புகுகிற மாதிரி புகுந்து புறப்படுகிறது. நம் உடம்பு கார்பனால் ஆனது, அதனுடையது சிலிக்கான். அதாவது உயிருள்ள கல். போதாதற்கு, சுரங்கத்துக்குக் காற்றும் மின்சாரமும் கொடுக்கிற அணு உலையின் முக்கியமான பம்ப்பைப் பெயர்த்துக்கொண்டு போய்விடுகிறது. ரொம்பப் பழைய மாடல் உலை. ஸ்பேர் பார்ட் கிடையாது. (நம் வீட்டு மிக்ஸி மாதிரி.)

இந்த இடம் வந்ததும் பெரியப்பா கேசட்டை நிறுத்திவிடுவார். “பம்ப் நின்னா என்னாகும் தெரியுமா?” என்று ஆரம்பித்தால் காபி ஆறுகிறவரை விடமாட்டார். உலையில் சூடு உண்டாக்குவது பெரிய வித்தையில்லை, உண்டான சூட்டை விடாமல் எடுத்துக்கொண்டே இருப்பதுதான் வித்தை. இங்கே கடைசியில் அதை வாங்கிக்கொள்வது நம் வங்காள விரிகுடாதான் என்பார். நாங்கள் கொட்டாவி விடுவோம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்து, கல்பாக்கத்தின் கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். டவுன்ஷிப்பில் உயிர்ச்சேதமும் ஆனது. பெரியப்பாவின் பம்ப் பிரசங்கத்தை அதற்குப் பிறகு எங்களில் யாரும் கேலி செய்ததில்லை.

கதைக்கு வருவோம். சுரங்க மேனேஜரின் மேஜைமேல் பேப்பர் வெயிட் மாதிரி ஓர் உருண்டை இருக்கிறது. ‘புதுசா ஒரு தளம் தோண்டினோம், ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, பிரயோஜனமில்லாத வஸ்து’ என்கிறார் அவர். பி.காம். படித்த எனக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும். வர்த்தக மதிப்பு பூஜ்யம். ஸ்டாக் ரிஜிஸ்டரில் கூட ஏறாது.

சமீபத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, செங்கல்பட்டில் எங்கள் வீட்டில், இத்தனை வருஷம் கழித்து மறுபடி இதைப் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் என் மாமியார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சீரியல் முடிந்துவிட்டதால் வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஜந்து முதன்முதலாகத் திரையில் வந்ததும், “இன்னாம்மா இது, அடுப்புல தீஞ்சுபோன ஊத்தப்பம் ஊர்ந்து வருது?” என்றார். நான் ஐம்பது வருஷத்து ரசிகர்கள் சார்பில் ஆட்சேபித்தேன். பார்க்கப்பார்க்க ஊத்தப்பம்தான்! ஓரத்தில் குஞ்சலம் வேறு.

மேஜை உருண்டையைக் காட்டினார்கள். ஸ்பாக் அதைக் கையில் எடுத்து, புருவத்தைத் தூக்கி, யோசித்து, யோசித்து... மாமியார் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “அது முட்டைம்மா.”

“எப்படி அத்தை?”

“உருண்டையா, குவியலா, குழிக்குள்ள கெடந்துச்சுன்னா முட்டை இல்லாம வேற இன்னா?”

உலகங்களிலேயே பெரிய மூளைக்காரனான ஸ்பாக்குக்கு அதை உறுதியாகச் சொல்ல இன்னும் அரை மணி நேரம் பிடித்தது.

மறுபடி பார்க்கும்போது குறைகள் கண்ணில் படத்தான் செய்கின்றன. குகைச் சுவர் கரடுமுரடாக இருக்க, தரை மட்டும் கல்யாண மண்டபத் தரை மாதிரி வழவழவென்று இருக்கிறது. ஸ்டுடியோ தரை, வேறென்ன செய்வார்கள்? மாமல்லபுரத்துக்காரர்களை ஏமாற்ற முடியாது. அங்கே பாதியில் விட்ட குகை மண்டபங்களில், கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கட்டத்தைக் கொத்தி எடுத்த தடம் இன்றைக்கும் இருக்கிறது. பாறை என்றால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஓர் ஆள் வியர்வை சிந்தவேண்டும். ஹார்ட்டா (அதுதான் ஜந்துவின் பெயர்) பல்லவர் காலத்தில் இங்கே வந்திருந்தால் மாமன்னர் அதற்குப் பட்டம் கட்டி மானியமும் கொடுத்திருப்பார்.

சின்ன வயதில் கவனத்துக்கு வராத ஒன்று இந்தத் தடவை பிடிபட்டது. ஆரம்பத்தில் ‘கொன்றே தீரவேண்டும்’ என்பவர் கிர்க். ‘இனத்திலேயே கடைசி உயிராக இருக்கலாம், பிடிக்கப் பார்ப்போம்’ என்பவர் ஸ்பாக். பாறை சரிந்து கிர்க் தனியாக ஹார்ட்டாவிடம் மாட்டிக்கொள்கிறார். இருவருக்கும் நடுவில் பத்தடி. ஏற்கெனவே இவர்கள் சுட்டதில் அதன் உடம்பில் ஒரு பக்கம் பிளந்திருக்கிறது. அது பாயவில்லை. துப்பாக்கியைத் தூக்கினால் பின்வாங்குகிறது, தாழ்த்தினால் நிற்கிறது. ரேடியோவில் ஸ்பாக் பதறுகிறார்: ‘சுடுங்கள் கேப்டன், உடனே சுடுங்கள்!’ ரெண்டு பேரும் வசனத்தை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். நண்பனின் உயிர் என்று வந்ததும் ஸ்பாக்கின் தத்துவம் பறந்துவிட்டது. எதிரியின் முகத்தை நேரில் பார்த்ததும் கிர்க்கின் ரோஷம் கரைந்துவிட்டது. முகம் என்று சொல்வது வாய்தவறி. ஊத்தப்பத்துக்கு ஏது முகம்?

ஸ்பாக் வந்து அதன் மனசைத் தொட்டுப் பேசுகிறார். அந்த இடத்தில் லியோனார்ட் நிமாய் வலியில் கதறுவதை மாமியார் வெற்றிலையை மெல்லாமல் பார்த்தார். ஹார்ட்டா பாறையில் எழுத்துக்களைப் பொசுக்குகிறது. மூன்றே வார்த்தை: ‘நோ கில் ஐ’. ‘என்னைக் கொல்லாதே’யா? ‘நான் கொல்லமாட்டேன்’ஆ? இலக்கணம் தெரியாத ஜந்து எழுதினதால் இரண்டுமாகவும் நிற்கிறது. படத்தில் வருகிறவர்களே குழம்புகிறார்கள்.

விஷயம் இதுதான். ஐம்பதாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை ஹார்ட்டாக்கள் எல்லாம் செத்துவிடும், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று அத்தனை முட்டைகளையும் காவல் காக்கும். சுரங்கக்காரர்கள் உடைத்தெறிந்த ‘பிரயோஜனமில்லாத வஸ்து’ அத்தனையும் அதன் பிள்ளைகள். டாக்டர் மக்காய், ‘நான் டாக்டரா கொத்தனாரா’ என்று சலித்துக்கொண்டே காயத்தில் சிமெண்ட் மாதிரி ஒரு கலவையைப் பூசி அதைப் பிழைக்க வைக்கிறார்.

படப்பிடிப்பின் நடுவில் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரின் அப்பா இறந்துபோன செய்தி செட்டுக்கு வந்தது. விமானத்துக்கு நேரம் இருந்ததால் அதுவரை நடித்துக் கொடுத்துவிட்டே கிளம்பினார். பின்னாளில், தனக்கு மிகவும் பிடித்த எபிசோடு என்று இதையே சொன்னார். இலங்கையில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க்கும் இதை ஞாபகம் வைத்துப் பாராட்டினார். விசித்திரமாகவும் ஆபத்தாகவும் இருக்கிற ஒன்று கெட்டதாகவும் இருந்தாக வேண்டியதில்லை என்ற எண்ணம் விஞ்ஞானக் கதைகளில் அபூர்வம் என்பது அவர் கட்சி.

முடிவு சுபம். ஓர் ஒப்பந்தம் போடுகிறார்கள். இவர்கள் முட்டையைத் தொடக்கூடாது. குஞ்சுகள் பொரிந்து தம்பாட்டுக்குப் பாறையைக் குடைந்துகொண்டு போகும். வழியில் தட்டுப்படுகிற தாதுவை இவர்கள் அள்ளிக்கொள்ளலாம். கடைசிக் காட்சியில் சுரங்க மேனேஜர் வாயெல்லாம் பல். கோடி கோடியாகக் கொட்டப்போகிறது. குஞ்சுகள் கூடப் பார்க்கப் பார்க்கப் பழகிவிட்டதாம்!

கதையைத் தமிழில் சொல்லி முடித்தேன். மாமியார் கேட்டார்:

“அதுக்குத் தோண்டத் தெரியலேன்னா இன்னா பண்ணியிருப்பாங்க?”

அதிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு.

யோசித்துப் பார்த்தால், இந்த ஒப்பந்தம் நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே ஈ.சி.ஆரில் வடநெம்மேலி. முதலைப் பண்ணை என்றால் எல்லோருக்கும் தெரியும். ரோமுலஸ் விட்டேகர் 1976-ல் ஆரம்பித்தது. அந்த வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கமும் இருக்கிறது. இருளர்கள் ஒருகாலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்து விற்றவர்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்பு பிழைத்தது, பிடித்தவர் வயிறு காய்ந்தது. 1978-ல் சங்கம் ஆரம்பித்து, தோலுக்குப் பதில் விஷம் என்று கணக்கை மாற்றினார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் மண்பானைக்குள் மணல் மெத்தையில், வாய்க்குத் துணி கட்டி விருந்தாளியாக இருக்கும். மூன்று நாலு வாரத்தில் சில தடவை விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு, காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷம்தான் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஒரு கணக்கெடுப்பு சொல்கிறது. பாம்பு செத்தால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து ஹார்ட்டா ஒப்பந்தத்துக்குக் கிடைத்த ஒரே தேசிய விருது.

ஆனால் பாம்பிடம் விஷம் இருக்கிறது. ஹார்ட்டாவுக்குத் தோண்டத் தெரிகிறது. கொடுக்க ஒன்றுமில்லாதவை என்ன செய்யும்?

இதே கடற்கரையில் பங்குனி ஆமை இருக்கிறது. இங்கிலீஷில் ஆலிவ் ரிட்லி. தையிலிருந்து பங்குனி வரை ராத்திரியில் கரையேறி, ஒன்றரை அடிக்குக் குழி தோண்டி, நூறு முட்டைக்குக் குறையாமல் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். காவல் எல்லாம் கிடையாது. வெள்ளை வெளேரென்று பிங்பாங் பந்து மாதிரி முட்டை. ஏறத்தாழ ஐம்பது நாளில் குஞ்சு வெளியே வந்து, எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அதுதான் கடல் என்று ஓடும். ஒருகாலத்தில் கடல்தான் வெளிச்சமாக இருந்தது. இப்போது ஈ.சி.ஆர். ரிசார்ட் வெளிச்சமாக இருக்கிறது.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல், மூச்சு வாங்க மேலே வந்தாகவேண்டும். இழுவை வலையில் சிக்கினால் கடலுக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவை வலை போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆமை தப்பிப்பதற்கு வலையில் வாசல் வைக்கிற கருவியும் இருக்கிறது. அந்த வாசல் வழியாகக் கொஞ்சம் மீனும் தப்பிக்கும். டீசல் விலை தெரிந்தவர்களுக்கு அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று தெரியும்.

ஆமை சொறிமீனைத் தின்னும், அதனால் மீனவர்களுக்கு லாபம் என்று சிலர் வாதம் செய்கிறார்கள். உண்மையாகவே இருக்கட்டும். எனக்கென்னவோ அந்தக் கட்சி பிடிக்கவில்லை. ஒவ்வொரு ஜீவனும் வருஷாவருஷம் பேலன்ஸ் ஷீட் தாக்கல் செய்து, லாபம் காட்டினால்தான் உயிர்வாழலாம் என்றால் முதலில் மாட்டிக்கொள்வது ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள்தான். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ் திருக்கழுக்குன்றம் வழியாகத்தான் போகிறது. மலைமேல் தினமும் மத்தியானம் வந்த இரண்டு கழுகுகளுக்கு, தொண்ணூறுகளின் கடைசியில் வரத்து நிற்கிறவரை, அங்கே சோறு வைத்தார்கள். எந்தக் கழுகும் ரசீது கொடுத்ததில்லை.

மாமியாரிடம் என் பதிலைச் சொன்னேன். கிர்க் துப்பாக்கியைத் தாழ்த்தியபோது அவருக்கு முட்டை விஷயமும் தெரியாது, லாப விஷயமும் தெரியாது. கொல்ல முடிந்தும் அது தன்னைக் கொல்லவில்லை, அவ்வளவுதான் தெரியும். ஒப்பந்தமெல்லாம் அப்புறம்.

“அவரு கேப்டன். மாசமானா சம்பளம். சுரங்கத்துல இருக்கறவனுக்கு வேலை போனா சோறு யாரு போடுவா? ஐம்பது பேரு செத்திருக்கான், அவங்க வூட்டுலயும் அம்மா இருப்பா இல்ல?” என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜீன் கூனிடமும் இல்லை. அதனால்தான் கடைசியில் புதையலைக் கொட்டி எல்லோரையும் சமாதானப்படுத்திவிட்டார் என்று தோன்றுகிறது.

கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே சொன்னார். அவர் பிறந்து வளர்ந்தது சதுரங்கப்பட்டினம் கடலோரம். “நாங்க சின்ன வயசுல தின்னிருக்கோம், ஆமை முட்டை. விடியக்காலம் தடம் பாத்துப் போய்த் தோண்டுவோம். ஒரு குழியில நூறு கெடக்கும். எவ்ளோ நேரம் வேகவெச்சாலும் வெள்ளைக்கரு கெட்டியாவே ஆவாது.” ஸ்பாக்கை அவர் அரை மணி நேரத்தில் முந்தியது எப்படி என்று அப்போதுதான் புரிந்தது. இன்றைக்கு பங்குனி ஆமை சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பட்டியலில் இருக்கிறது. அன்றைக்கு அது காலைப் பலகாரம்.

மாசியில் அவர் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு சதுரங்கப்பட்டினம் போய் இரவு தங்கினோம். விடிவதற்கு முன்னே என்னை எழுப்பிக் கடற்கரைக்கு அழைத்துப்போனார். கொஞ்ச தூரத்தில் மணலில் டிராக்டர் டயர் ஏறி இறங்கின மாதிரி ஒரு தடம், கடலிலிருந்து மேலே வந்து, கலைந்த மணலைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கடலுக்குப் போயிருந்தது. ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிற பையன்கள் வருவார்கள் என்று நான் போனை எடுத்து யாருக்குச் சொல்லலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புடவையை லேசாகத் தூக்கிச் செருகிக்கொண்டு, தடத்தின்மேல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்.

“என்ன அத்தை பண்றீங்க?”

“நாய் மோப்பம் புடிச்சு வந்தா வரட்டும், அதைத் தடுக்க நம்மால ஆவாது. கண்ணால பாத்து எவளும் வரக்கூடாது” என்றார்.